தோளில் இரண்டு தட்டு

ஜனவரி 18

அன்புள்ள அப்பா, அம்மா இருவருக்கும்,

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்பாவின் புண் காய்ந்துவிட்டதா, அம்மாவுக்கு மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது, இரண்டையும் முதல் வரியிலேயே எழுதுங்கள். தெருக்கதை எல்லாம் அளந்து முடித்துவிட்டுக் கடைசியில் சொல்கிற வேலை வேண்டாம்.

நான் வாங்கி அனுப்பிய மோட்டார் சக்கர நாற்காலி வந்து சேர்ந்துவிட்டதாகக் கடையில் சொன்னார்கள். சர்க்கரையால் ஒரு காலை எடுத்ததிலிருந்து ஜன்னலோரமே கதி என்று இருக்கிறீர்கள் அப்பா. ஊரெல்லாம் பஸ் ஓட்டிய மனுஷர் நாலு சுவருக்குள் அடைந்து கிடப்பதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் இந்த மாதிரி நாற்காலிகளைத் துடைத்து, சார்ஜ் போட்டு, நோயாளிகளுக்கு ஓட்டப் பழக்குவதுதான் என் வேலை என்பதால் பார்த்துப் பார்த்து எடுத்தேன்.

போனில் சொல்லலாம் என்றால், ‘காது கேக்காதவனுக்கு எதுக்குப் போன்’ என்று அதை வீட்டில் வைக்கவும் விடவில்லை. அதனால் எழுதுகிறேன். ஏறும்போதும் இறங்கும்போதும் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். கை வைக்கிற இடத்தில் இருக்கிற, வண்டியை ஓட்டுகிற குச்சியில் சட்டைக் கை பட்டால் வண்டி உங்களை விட்டுவிட்டுக் கிளம்பிவிடும். பெல்ட் போடாமல் நகரக் கூடாது. சரிவில் நேராக ஏறி நேராக இறங்குங்கள், பாதியில் திருப்பினால் சாய்ந்துவிடும். அம்மா, இது உனக்கு: காய்கறிப் பையை முதுகுப் பக்கம் மாட்டாதே, ஏற்றத்தில் வண்டி மல்லாந்துவிடும். சார்ஜர் மேல் துணியைப் போட்டு மூடாதே. சார்ஜை அடிவரைக்கும் இறங்க விடவே கூடாது, பேட்டரி செத்துவிடும். இதை நன்றாக நினைவில் வையுங்கள்.

இன்னொன்று. பின்சக்கரங்களுக்குப் பக்கத்தில் இரண்டு சிவப்பு லீவர் இருக்கும். மேலே இருந்தால் மோட்டார் பிடித்திருக்கும், குச்சியை விட்டதும் வண்டி தானாக நிற்கும். கீழே இறக்கினால் மோட்டார் கழன்றுவிடும். பழுதாகி நின்றால் சமதளத்தில் தள்ளிக்கொண்டு போக மட்டும்தான் அது.

முதல் நாள் எங்கே போனீர்கள் என்று உடனே எழுதுங்கள்.

உங்கள் மகள்


பிப்ரவரி 9

என் கண்டக்டருக்கு,

புண் காய்ந்துவிட்டது. உன் அம்மாவுக்கு வேகமாக நடக்காத வரைக்கும் இரைப்பு இல்லை. கேட்டபடி முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், இனி என் இஷ்டம்.

பள்ளிக்கூடம் விட்டதும் என் பஸ்ஸில் ஏறிக்கொண்டு, படியில் நின்று ‘ரைட், ரைட்’ என்று கத்திய ஆள் நீ. இன்றைக்கு டிரைவருக்கே பாடம் எடுக்கிறாய். இருக்கட்டும். வண்டி நல்ல வண்டி. புகை இல்லை, கிளட்ச் இல்லை, ‘சில்லறை குடு’ என்று யாரும் சட்டையைப் பிடிக்கவில்லை.

ஒரே ஒரு சங்கடம். இஞ்சினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து போன காது இது, விசில் அடித்தாலும் விழாது. அதற்கும் ஒரு வழி செய்தாயிற்று. உன் அம்மா பின்னால் நடந்து வருவாள். தோளில் ஒரு தட்டு தட்டினால் நிற்க வேண்டும். இரண்டு தட்டினால் போகலாம். நீ வரும்வரைக்கும் அவளைத் தற்காலிகக் கண்டக்டராகப் போட்டிருக்கிறேன். இப்போதே சம்பள உயர்வு கேட்கிறாள்.

முதல் நாள் எங்கே போவேன்? தெரு முடிகிற இடத்திலிருந்து கீழே போகிறதே அந்த நீள இறக்கம், அதன் அடியில் டீக்கடை, அங்கேதான். தபால் பெட்டிக்குப் பக்கத்தில் ஓரங்கட்டி நிறுத்தினேன். பெரிய ரோட்டில் லாரிகள் போவதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தேன். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். “இடத்தை நானே கையோட கொண்டாந்திருக்கேன், நீங்க உக்காருங்க” என்றேன். கடைக்காரர் சிரித்துச் சிரித்து டீயைக் கொட்டிவிட்டார்.

சார்ஜைப் பற்றி மிரட்டி எழுதியிருந்தாய். டீசல் மிச்சம் பிடித்ததற்காக டிப்போவில் சுவர்க்கடிகாரம் வாங்கியவன் நான். அந்த வித்தை கையிலேயே இருக்கிறது.

கீழே உன் அம்மாவுக்கு ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன்.

உன் டிரைவர்

அம்மா எழுதுவது: நேற்று உன் அப்பா தலை வாரிக்கொண்டு கிளம்பினார். எத்தனை மாதம் ஆயிற்று அந்தச் சீப்பை அவர் தொட்டு. நீ நன்றாக இருக்க வேண்டும்.


மார்ச் 2

அன்புள்ள அப்பா, அம்மா இருவருக்கும்,

நான் சுகம். சளி பிடித்து இரண்டு நாள் படுத்தேன், இப்போது வேலைக்குப் போகிறேன்.

சீப்பு விஷயத்தைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரி சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். கூட வேலை செய்கிறவள் பதறிப்போய் “வீட்ல ஏதும் ஆயிடுச்சா?” என்று கேட்டாள். “எங்கப்பா தலை வாரிட்டாராம்” என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

சக்கரத்தில் நூல், முடி சுற்றியிருந்தால் அவ்வப்போது எடுத்துவிடுங்கள். மழையில் நனைக்காதீர்கள், குச்சிக்கு அடியில் தண்ணீர் போனால் வண்டி தன் போக்குக்கு ஆடும்.

அது என்ன வித்தை? சார்ஜில் என்ன மிச்சம் பிடிக்கிறீர்கள்? எனக்கும் சொன்னால் இங்கே நோயாளிகளுக்குச் சொல்லுவேனே.

உங்கள் மகள்


ஏப்ரல் 6

என் கண்டக்டருக்கு,

இருவரும் சௌக்கியம். உன் சளி போய்விட்டதா? தலையை நனைத்துக்கொண்டு காற்றில் நிற்காதே என்றால் கேட்டால்தானே.

எதிர்வீட்டுத் தையல்காரர் வண்டிக்கு மழை உறை தைத்துக் கொடுத்தார். அளவெடுக்கும்போது “கை கொஞ்சம் லூசா வைக்கட்டுமா?” என்று கேட்கிறார். வண்டிக்கு ஏதய்யா கை? அவருடைய மகளுக்குக் கல்யாணம், இந்த மாதக் கடைசியில். உன்னைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள்.

தினமும் காலையில் ஒரு டிரிப். டீக்கடை, பிறகு காய்கறி, பிறகு வீடு. ஏற்றத்தில் வண்டி முனகாமல் ஏறுகிறது. உன் அம்மா மூச்சு வாங்கினால் நடுவில் ஒரு தட்டு தட்டுவாள், நிற்பேன். இரண்டு தட்டு, கிளம்புவேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் சொன்னதை நான் உடனே கேட்பது இப்போதுதான் என்கிறாள்.

வித்தையைக் கேட்டாய். அது தொழில் ரகசியம். நேரில் வா, காட்டுகிறேன்.

இடம் விட்டிருக்கிறேன்.

உன் டிரைவர்

அம்மா எழுதுவது: அவர் சொல்லமாட்டார், நான் சொல்கிறேன். இறக்கத்தின் உச்சிக்குப் போனதும் அந்தச் சிவப்பு லீவரை என்னைக் கீழே தள்ளச் சொல்வார். பஸ்ஸில் நியூட்ரல் போட்டு இறங்குவாராமே, அந்த மாதிரி. ஏறுவதற்குச் சார்ஜ் மிச்சமாகுமாம். நான் பின்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்குகிறேன். கெட்டியாகத்தான் பிடிக்கிறேன், பயப்படாதே. காற்று முகத்தில் அடிக்கும்போது சின்னப் பிள்ளை மாதிரி தலையைத் தூக்கிக்கொள்கிறார்.


ஏப்ரல் 19

அப்பா, அம்மா,

சுகம் விசாரிக்கிற நிதானத்தில் நான் இல்லை. கடிதம் இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. தையல்காரர் கடைக்குப் போன் போட்டுப் போட்டு அலுத்துவிட்டேன். கல்யாண வேலையாகக் கடையைப் பூட்டியிருக்கிறார் போல, மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. இதை விரைவுத் தபாலில் போடுகிறேன்.

அப்பா, பஸ்ஸை நியூட்ரலில் விட்டாலும் உங்கள் காலடியில் பிரேக் இருந்தது. இந்த வண்டிக்குப் பிரேக்கே மோட்டாருக்குள்தான் இருக்கிறது. லீவரை இறக்கினால் பிரேக்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகிற மாதிரி. நீங்கள் குச்சியை என்ன செய்தாலும் வண்டி கேட்காது. இதை முதல் கடிதத்தில் நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

அம்மா, உன் கை பிரேக் இல்லை. உனக்கு வீசி நடந்தாலே இரைக்கிறது. அப்பாவின் எடை, பேட்டரியின் எடை, இரும்பின் எடை எல்லாம் சேர்ந்து இழுத்தால் இரண்டு ஆம்பிளைகள்கூடப் பிடிக்க முடியாது. இங்கே பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

இன்னொன்றும் கேளுங்கள். இறக்கத்தில் மோட்டார் சார்ஜைக் குடிப்பதே இல்லை. நீங்கள் மிச்சம் பிடிப்பது ஒன்றுமே இல்லை அப்பா. ஒன்றுமே இல்லை.

லீவரை மேலே ஏற்றுங்கள். ஏற்றிவிட்டோம் என்று ஒரு வரி எழுதுங்கள். அது வரும்வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது.

உங்கள் மகள்


ஜூன் 14

மகளுக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய்.

உன் கடிதம் கிடைத்தது. நீ எழுதியது எல்லாம் சரி. லீவர் மேலேதான் இருக்கிறது. இனி யாரும் அதைத் தொடப்போவதில்லை.

மழை பிடித்துக்கொண்டதால் வண்டி வெளியே போகவில்லை. உறையைப் போட்டு மூலையில் நிறுத்தியிருக்கிறது. உன் அம்மா சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள், வர நாளாகும். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மனதில் வைத்துக்கொள்ளாதே. லீவு போட்டு அலைய வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு.

அப்பா


ஜூன் 27

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். ‘நீயும் நலமாக இருப்பாய்’ என்று எழுதியிருந்தீர்கள். அரசாங்கக் கடிதம் மாதிரி இருந்தது. லீவர் மேலே இருக்கிறது என்ற வரியைப் படித்ததும் உயிர் வந்தது. அடுத்த வரியிலிருந்து பழையபடி கலக்கம்.

என்னைக் கண்டக்டர் என்று கூப்பிடாமல் நீங்கள் எழுதிய முதல் கடிதம் இது. கடைசியில் அம்மாவுக்கு இடமும் விடவில்லை. அம்மா உங்களை ஒரு நாள் தனியாக விட்டுவிட்டுத் தன் தங்கச்சி கல்யாணத்துக்குக்கூடத் தங்கினதில்லை. இப்போது வாரக்கணக்கில் அங்கே போய் இருக்கிறாளா? கட்டிலிலிருந்து உங்களை யார் இறக்குகிறார்கள்? யார் சமைக்கிறார்கள்?

தையல்காரர் கடைக்குப் போன் செய்தேன். “எல்லாரும் நல்லாத்தாம்மா இருக்காங்க” என்று சொல்லி உடனே வைத்துவிட்டார். அவர் பேச ஆரம்பித்தால் நூல்கண்டு தீரும்வரை விடமாட்டாரே, அப்பா.

வண்டி ஓடாமல் நின்றாலும் வாரத்துக்கு ஒரு முறை சார்ஜ் போட வேண்டும். சும்மா நின்றாலே பேட்டரி செத்துப்போகும். அம்மாவை எனக்கு நாலு வரி எழுதச் சொல்லுங்கள். எந்த வீட்டில் இருந்தாலும் சரி.

உங்கள் மகள்


ஜூலை 20

என் தங்கத்துக்கு,

அம்மா எழுதுவது. மல்லாந்து படுத்துக்கொண்டு பென்சிலால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நான் சித்தி வீட்டுக்குப் போகவில்லை. சித்திதான் இங்கே வந்து என்னைப் பார்த்துக்கொள்கிறாள்.

ஏப்ரலில் ஒரு நாள், முந்தின ராத்திரி பெய்த மழையில் இறக்கம் ஈரமாக இருந்தது. வழக்கம்போல லீவரைத் தள்ளிவிட்டுப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். செருப்பு வார் அறுந்தது. கைப்பிடி வழுக்கிவிட்டது. கத்தினேன், அவருக்கு எப்படிக் கேட்கும்? ஓடிப்போய் எட்டி, தோளில் ஒரு தட்டு தட்டினேன். அவர் குச்சியை விட்டார், பிறகு பின்னால் இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார். வண்டி நிற்கவில்லை. கீழே லாரி போகிற ரோடு. எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. கைச்சட்டத்தைப் பிடித்துச் சுவர் பக்கம் தள்ளினேன். சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் நான் இருந்தேன்.

இடுப்பெலும்பு போய்விட்டது. இரைப்பு இருப்பதால் ஆபரேஷன் தாங்காது என்றுவிட்டார்கள். அப்பாவுக்கு ஒரு கீறல் இல்லை, அது போதும். உன் விரைவுத் தபால் இது நடந்த மறுநாள்தான் வந்தது.

உனக்குச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். நீ அங்கே தனியாக உட்கார்ந்து என்ன செய்வாய்? ஆனால் உன் கேள்விகளைப் பார்த்த பிறகு மறைக்க மனசு வரவில்லை.

நான் இனி எழுந்து நடக்கமாட்டேன், எனக்கே தெரிகிறது. அதைப் பற்றி அழ வேண்டாம். எனக்கு ஒரே ஒரு கவலை. உன் அப்பா அந்த நாற்காலியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. என் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். தலை வாருவதை மறுபடி விட்டுவிட்டார். நான் போன பிறகு அவர் அந்த ஜன்னலோரத்துக்குப் போய்விடுவார், அப்புறம் யாராலும் எழுப்ப முடியாது. அவரை மறுபடி ரோட்டுக்கு அனுப்பு. நான் சொன்னதாகச் சொல்லாதே. திட்டாதே.

உனக்கு நல்லது நடக்கட்டும்.

அம்மா


ஆகஸ்ட் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீங்கள் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா என்பது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.

வண்டியைப் பற்றி நாலு வார்த்தை. உறையை எடுத்துவிட்டு ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். சார்ஜ் போடுங்கள், பச்சை விளக்கு எரியும்வரை பொறுங்கள். பிறகு உட்கார்ந்து, பெல்ட் போட்டுக்கொண்டு, வாசல்வரைக்கும் போய்த் திரும்புங்கள். அவ்வளவு போதும்.

முதல் கடிதத்தில் பேட்டரி செத்துவிடும், சார்ஜை இறங்க விடாதீர்கள் என்று உங்களை மிரட்டியிருந்தேன். அப்படி எழுதியிருக்க வேண்டாம். பேட்டரி போனால் வேறு பேட்டரி. அது ஒரு பெரிய விஷயமா? இதை உங்களிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

செப்டம்பர் நடுவில் லீவு கிடைத்திருக்கிறது. என் பஸ் தபால் பெட்டிக்குப் பக்கத்தில்தானே நிற்கும். நான் இறங்கும்போது நீங்கள் உங்கள் வண்டியோடு அங்கே நிற்க வேண்டும்.

அம்மாவுக்கு என் முத்தம். எந்த வீட்டில் இருந்தாலும்.

உங்கள் மகள்


ஆகஸ்ட் 25

அம்மாடி,

நான் சாப்பிடுகிறேன். தூக்கம் இல்லை.

உன் அம்மா உனக்கு எழுதியது எனக்குத் தெரியும். பென்சிலைச் சீவிக் கொடுத்ததே நான்தான். அவளும் எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், நானும் அப்படியே விட்டிருக்கிறேன். பேட்டரியைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்தேன். உன் மேல் பழியைப் போட்டுக்கொள்ளாதே. நீ லீவரைப் பற்றியும்தான் எழுதியிருந்தாய். டிரைவருக்கு வாத்தியாரா என்று சிரித்தது நான்.

எத்தனை வருஷம் வண்டி ஓட்டினேன். கிழவி கை காட்டினால் நிறுத்துவேன், ஆடு குறுக்கே வந்தால் நிறுத்துவேன். அவள் ஒரு தட்டு தட்டினாள், நான் நிறுத்தவில்லை. அந்தத் தட்டு இன்னும் என் தோளில் இருக்கிறது. சட்டையை மாற்றும்போதுகூட அந்தப் பக்கம் கை போவதில்லை. அந்த நாற்காலியில் என்னை உட்காரச் சொல்லாதே. தபால் பெட்டிப் பக்கம் என்னைத் தேடாதே, தையல்காரர் வந்து உன் பெட்டியை எடுத்துக்கொள்வார்.

லீவு போட வேண்டாம் என்று முன்பு எழுதினேன். அவளுக்கு இரண்டு நாளாக இருமல், காய்ச்சல். கண்ணைத் திறந்தால் வாசலைப் பார்க்கிறாள். செப்டம்பர் நடுவரைக்கும் காத்திருக்காதே. வா.

அப்பா


நவம்பர் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். பழக்க தோஷத்தில் மேலே ‘இருவருக்கும்’ என்று எழுதிவிட்டு, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். சர்க்கரை மாத்திரையை மறக்காமல் போடுகிறீர்களா? சித்தி இன்னும் உங்களோடு இருக்கிறாள் என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

அம்மாவின் கடைசி நாட்களில் நான் பக்கத்தில் இருந்தேன். அது போதாதா என்று கேட்கிறார்கள். போதவில்லை அப்பா. ஆஸ்பத்திரியில் யாராவது இருமினால் திரும்பிப் பார்க்கிறேன்.

நான் கிளம்புவதற்கு முன்னால் மெக்கானிக்கை வரவழைத்துப் புது பேட்டரி போட்டதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் பார்த்தீர்கள். லீவர் இரண்டையும் நானே மேலே ஏற்றினேன். அது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் நீங்கள் பார்க்க முடியாது. அதனால் கிளம்புவதற்கு முன்னால், சமதளத்தில், சுவிட்சைப் போடாமல், சித்தியைப் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளச் சொல்லுங்கள். அசையாமல் நின்றால் பிரேக் பிடித்திருக்கிறது. அசைந்தால் போகக் கூடாது. ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும்.

அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அதை உங்களிடம் சொல்லக் கூடாது என்றாள். பென்சில் சீவிக் கொடுத்தவருக்கு அது என்ன என்று தெரியும். அதனால் நான் சொல்லவில்லை.

கிளம்பும்போது உங்கள் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். தோளைத் தட்டிவிட்டு வந்துவிட்டேன். கோபித்துக்கொண்டு போனேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

உங்கள் மகள்


டிசம்பர் 5

என் கண்டக்டருக்கு,

மாத்திரை போடுகிறேன், சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சித்தி நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள், உப்பு மட்டும் போடமாட்டேன் என்கிறாள். உனக்கு அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், கழுத்தை மூடிக்கொள்.

இதை வீட்டிலிருந்து எழுதவில்லை. தபால் பெட்டிக்குப் பக்கத்தில் வண்டியை ஓரங்கட்டி, சுவிட்சை அணைத்துவிட்டு, மடியில் அட்டையை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். டீக்கடைக்காரர் டீயைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். நல்ல மனுஷன்.

எப்படி வந்தேன் என்று கேட்பாய். நேற்று சித்தி, “அக்கா துணியெல்லாம் எடுத்து வைக்கட்டுமா மாமா?” என்று தாளில் எழுதிக் காட்டினாள். அலமாரியைத் திறந்தோம். அடித்தட்டில் அந்த வார் அறுந்த செருப்பு இருந்தது. உன் அம்மா எடுத்து வைக்கச் சொன்னாளாம். தைத்தால் போடலாமே என்றாளாம். படுத்த படுக்கையாகக் கிடந்துகொண்டு அவளுக்கு எப்படிச் சொல்லத் தோன்றியது பார். அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவள் கேட்ட ஒன்றை நான் செய்யவில்லை என்று அப்போது பட்டது.

காலையில் வாசலில் உட்கார்ந்து பெல்ட் போட்டேன். சித்தி பின்னாலிருந்து தள்ளினாள். வண்டி அசையவில்லை. இன்னொரு முறை தள்ளச் சொன்னேன். அப்போதும் அசையவில்லை. சமமான இடத்தைத் தாண்டி இறக்கத்தின் உச்சிக்கு வந்து நின்றேன். அப்புறம் கை குச்சிக்குப் போகமாட்டேன் என்கிறது. சித்திக்கு எங்கள் தட்டுப் பாஷை தெரியாது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், தெருவில் போகிறவர்களும் பார்த்தார்கள். தோளில் தட்டாமல் நான் இந்த வண்டியை எடுத்ததே இல்லை.

நீ கிளம்பும்போது என் தோளைத் தட்டினாய். கோபம் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு தட்டு தட்டினாய். அன்றைக்கு அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை, வைத்திருந்தேன். இன்றைக்கு எடுத்துக்கொண்டேன். கிளம்பினேன்.

நேராக இறங்கினேன், மெதுவாக. வண்டி தன் பாட்டுக்கு ஓடப் பார்க்காமல் நான் விட்ட அளவுக்கு மட்டும் இறங்கியது. பாதியில் அந்தச் சுவர் வந்தது. காரை கொஞ்சம் பெயர்ந்த இடம் அப்படியே இருக்கிறது. அங்கே யாரும் தட்டவில்லை. நானாகக் குச்சியிலிருந்து கையை எடுத்தேன்.

நின்றுவிட்டது, அம்மாடி. அத்தனை இறக்கத்தில், எந்தச் சத்தமும் இல்லாமல், கையை எடுத்ததும் நின்றுவிட்டது. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

கொஞ்ச நேரம் அங்கேயே இருந்துவிட்டு வந்தேன். இதைப் பெட்டியில் போட்டுவிட்டு ஏற வேண்டும். சார்ஜ் நிறைய இருக்கிறது, கவலைப்படாதே.

கீழே ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். கை அப்படிப் பழகிவிட்டது.

உன் டிரைவர்